அரைக் குளிசை

ஞாயிறு காலை ஏழு இருபத்துமூன்றுக்கு
வீட்டிலிருந்த நாலு போனும் ஒரே குரலில் அலறின.
பிக்கறிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம்.
சம்பவம் என்ற சொல்லோடு வளர்ந்தவள் நான்.
அதற்குப் பின்னால் எப்போதும்
ஓர் எண்ணிக்கை வரும்.

குசினி லாச்சியில்
பீட்சாக் கூப்பன்களுக்கும் பழைய சாவிகளுக்கும் அடியில்
தபாலில் வந்த பெட்டி.
அயடின் குளிசை பத்து.
பெரியவருக்கு இரண்டு, பிள்ளைக்கு ஒன்று,
கைக்குழந்தைக்குப் பாதி என்றது தாள்.
முதல்நாள் பிறந்தநாளுக்கு வந்த தங்கச்சி குடும்பம்
பனிக்குப் பயந்து எங்களோடு தங்கியிருந்தது.
பெரியவர் நாலு பேர், எட்டு.
மகளுக்கும் மகனுக்கும் ஒவ்வொன்று, பத்து.
தங்கச்சியின் மடியில் நாலு மாதக் குழந்தை.

அரைக் குளிசை குறைந்தது.

கிருபைராஜா அங்கேதான் குழாய் பொருத்துகிறார்.
இரவு வேலை முடித்து வந்து
ஒரு மணிநேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார்.
போனைப் பார்த்தார்.
"எங்கட ஃபோர்மன் எடுக்கேல்லை. அப்ப ஒண்டுமில்லை."
போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.
பதினேழு வருடமாய் நெஞ்சில் ஓர் அட்டை குத்திக்கொண்டு போகிறவர்.
உடம்பில் பட்ட கதிரை அது எண்ணி வைக்கும்.
சில காலம் எனக்கு அந்த அட்டைமேல் பொறாமை.

நிருபன் சப்பாத்தைப் போட்டபடியே பேசினான்:
"நான் சொன்னனான்தானே.
உலையளுக்குப் பக்கத்தில ஒரேயொரு காற்றாடி நிண்டது.
அதையும் கழட்டிப்போட்டாங்கள்."
எரிந்து முடிந்த தண்டுகள்
ஏரிக்கரைக் கொட்டிலில் அடுக்கிக் கிடப்பதை,
அவற்றைப் புதைக்க இன்னமும் ஊர் தேடுவதை,
குழந்தையின் தொப்பியைத் தேடிக்கொண்டே சொன்னான்.
அதில் எதைப் பிழை என்பது?
இவனுக்கு ஒன்றரை போதும் என்று மட்டும்
ஒரு கணம் நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே
ஒரு குளிசையைக் கத்தியால் பிளந்தேன்.

நூற்றெட்டு நிமிடம் கழித்து இரண்டாவது அலறல்:
முதலாவது தவறுதலாக அனுப்பப்பட்டது.

அதற்குள் மூன்று முறை தேத்தண்ணி போட்டிருந்தேன்.
மூன்று முறையும்
அந்த உலையின் கரண்டில்தான் தண்ணீர் கொதித்தது.

பின்னொரு நாள் பொதுக் கூட்டம்.
உலைகளைப் புதுப்பிப்பதா, மூடுவதா.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
எழுதிக்கொண்டு போன தாளை நான் பிரிக்கவில்லை.
நிலக்கரி எரித்த வருடங்களில்
ஓகஸ்ட் வானம் பழுப்பாய் இருக்கும்,
என் கைப்பையில் மூச்சுப் பம்ப் இருக்கும்;
இப்போது இரண்டும் இல்லை என்றேன்.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வீட்டிலிருந்து வந்தவள்,
கரண்ட் வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் வராது என்றேன்.
முன்வரிசையில் கை தட்டினார்கள்.
அது பிடிக்கவில்லை எனக்கு.

பத்து லட்சத்தில் ஒன்று என்று
திரையில் காட்டிய பொறியியலாளரிடம் திரும்பிக் கேட்டேன்:
அந்த ஒன்று வருகிற அன்று
எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இருந்தால்?

மண்டபம் சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டார்.
என் நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

விண்ணப்பித்தேன்; ஐந்தாம் நாள் இன்னொரு பெட்டி வந்தது, இலவசமாய்.
ஆயத்தமாக இருப்பதற்கு நன்றி என்று ஒரு கடிதமும்.
பிளந்த குளிசையின் இரண்டு பாதியும்
முட்டைக் கிண்ணத்தில் அப்படியே கிடக்கின்றன.
நிருபன் வரும்போதெல்லாம்
அதை அலுமாரிக்குள் தள்ளி வைக்கிறேன்.

இரவு பத்து மணி.
சாப்பாட்டுப் பெட்டியோடு கிருபைராஜா படியிறங்குகிறார்.
படியெல்லாம் உறைபனி.
வழுக்கி விழுந்துவிடப் போகிறார் என்று
வாசல் விளக்கைப் போடுகிறேன்.